வெட்டிய மண், கொட்டிய மண்: வாசகர் கேள்விகள்

என் மகன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருக்கிறான். அங்கே மண்ணை ஐந்தடிக்கு மேல் நேராக வெட்ட விடமாட்டார்களாம். இங்கே ஜேசிபிக்காரர் வீட்டுக்குப் பின்னால் இருபதடி நேராக வெட்டிவிட்டு, "செம்மண் கல்லு மாதிரி நிக்கும்" என்கிறார். – கோத்தகிரி வாசகர்

மகன் சொல்வதைக் கேளுங்கள். நிலக்கரி அல்லாத சுரங்கங்களுக்கு 1961-இல் வந்த விதிகளில், மண், களிமண், சரளை போன்ற இடங்களில் சரிவு 45 டிகிரியைத் தாண்டக்கூடாது; இல்லையென்றால் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒரு படியின் உயரம் 1.5 மீட்டருக்குள், அகலம் உயரத்துக்குக் குறையாமல். கெட்டியான பாறையில்தான் 6 மீட்டர் வரை போகலாம்.

ஜேசிபிக்காரரும் பொய் சொல்லவில்லை. லேசான ஈரம் மண் துகள்களை இழுத்துப் பிடித்திருக்கும்வரை மண் நிற்கும். ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் அந்தப் பிடி போய்விடும். நம் மலையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இங்கே அடியில் இருக்கும் கெட்டிப் பாறையான சார்னோகைட் இற்று மண்ணானாலும் பழைய வெடிப்புகள் அப்படியே உள்ளே இருக்கும். அவை உங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் மண் வழுக்கிக்கொண்டு வரும், நடுவில் பொதிந்த உருண்டைக் கல்லோடு. வெட்டிய முகத்தில் சாய்வான கோடுகள் தெரிகின்றனவா என்று இப்போதே பாருங்கள். இடம் இருந்தால் படியாக்குங்கள், மேலே விளிம்புக்கு அப்பால் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்புங்கள்.

மூன்றடி தடிமனில் கட்டிய தடுப்புச் சுவர் இரண்டே வருடத்தில் வயிறு தள்ளிவிட்டது. இன்னும் தடியாகக் கட்டவா? – கேத்தி வாசகர்

முதலில் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா, சொல்லுங்கள். சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் நாலரை டன் தள்ளும். மண் தள்ளுவது தனி. பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய் வையுங்கள். என் வீட்டில் குழாய் எல்லாம் இருந்தது. கொத்தனார் "பாக்க அசிங்கமா இருக்கு சார்" என்று ஒரு மத்தியானத்தில் அத்தனையையும் பூசிவிட்டார்! வயிறு தள்ளிய சுவரைத் தடியாக்கிப் பயனில்லை, பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

வீட்டின் பாதி வெட்டிய இடத்தில், பாதி கொட்டிய மண்மேல். நடுவில் விரிசல். – கொடைக்கானல் வாசகர்

எதிர்பார்த்ததுதான். கொட்டிய பாதி அமுங்கும், வெட்டிய பாதி அமுங்காது. புல்லைச் செதுக்காமல், பழைய சரிவைப் படியாக வெட்டாமல் மண்ணைக் கொட்டியிருந்தால் அமுங்குவதோடு நிற்காமல் வழுக்கவும் செய்யும். புல் மட்கிய அடுக்கே சறுக்குப்பலகை. ஓரடிக்கும் குறைந்த அடுக்குகளாகப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள், அது நீள்கிறதா என்று தெரியும். விரிசல் வெளியே தரையிலும் வளைவாக ஓடினால், தேதி எல்லாம் வேண்டாம், உடனே பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

தோட்டத்துச் சரிவில் வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்க வாய் இருக்கிறது. குப்பை போட்டு மூடலாமா? – பந்தலூர் வாசகர்

கூடாது. உள்ளே சேரும் தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. அடைத்தால் வேறு வழி தேடும். வேலி போடுங்கள், வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள்.

புராஜெக்டுக்காக ஒரு சாலைச் சரிவைக் கணித்தேன். பாதுகாப்புக் காரணி (சரிவைப் பிடித்து நிறுத்தும் விசையை, கீழே தள்ளும் விசையால் வகுத்த எண்) 1.3 வந்தது. போதுமா? – குன்னூர், பொறியியல் மாணவி

நீர்மட்டம் எங்கே என்று வைத்தீர்கள்? மார்ச் மாதத்தில் மாதிரி எடுத்து, தண்ணீரே இல்லை என்று கணித்திருந்தால் அந்த 1.3 கோடைக்கு மட்டும்தான். மணல் போல ஒட்டுத்தன்மை இல்லாத மண்ணில் தரைமட்டம் வரை நீர் ஏறிச் சரிவோடு ஓடினால் காரணி ஏறக்குறைய பாதியாகும், அதாவது 0.65. ஒன்றுக்குக் கீழே என்றால் சரிவு நிற்காது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, நினைவிருக்கும். நிரந்தரச் சரிவுக்கு, அதுவும் கீழே வீடிருந்தால், 1.5 வேண்டும். கணக்கை நனைத்துவிட்டு மறுபடி போடுங்கள், அப்புறம் எழுதுங்கள்.