அரச பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கிறீர்கள். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக விருப்பம், ஆனால் வீட்டில் "கூத்தாடவா கம்பஸ் போகிறாய்?" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே நாடகம் படித்தவன் நான். தயங்காமல் போங்கள்.

கல்லடியில் உள்ள இந்த நிறுவகம் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கர்நாடக இசை, நடனம், நாடகம், ஓவியம் போன்ற கட்புலக் கலை எல்லாம் ஒரே வளவுக்குள். நீங்கள் ஒரு நாடகம் போட்டால் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் காட்சி அமைப்புக்கும் ஆள் பக்கத்திலேயே இருக்கும். தனியார் வகுப்பு எதிலும் இது கிடைக்காது.

அதைவிடப் பெரிய வாய்ப்பு மட்டக்களப்பு மண்தான். பாட்டும் ஆட்டமுமான நம் மரபு நாடகம் கூத்து; அதன் இரு வகைகளான வடமோடி, தென்மோடி இரண்டும் இன்னும் ஆடப்படும் ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடியது, ஒருபக்கம் மட்டும் பார்க்கும் மேடைக்குச் சுருங்கியது. படித்தவர்களிடம் கூத்துக்கு மதிப்பு வந்தது உண்மை. இழந்ததும் உண்டு. களரியில் சனம் சுற்றிவர இருக்கும், ஆடுபவர் முதுகாலும் நடிக்க வேண்டும். ஊரில் சட்டம் கொடுத்து (பாத்திரங்களைப் பகிர்ந்து), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை பார்த்து), மாதக்கணக்கில் பழகித்தான் அரங்கேற்றம். அந்த நாட்களில் ஊரே ஒன்றாகிவிடும். சுருக்கிய கூத்தை மட்டும் பழகிப் பட்டம் வாங்குவது பாதிப் படிப்பு என்பது என் உறுதியான எண்ணம். விரிவுரை முடிந்ததும் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரைத் தேடிப் போங்கள். மத்தளத்தின் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, காதால் அல்ல, காலால் படிக்க வேண்டும், அதற்கு அவர்கள்தான் ஆசான்கள்.

சரி, வேலை? வீட்டாரின் பயம் நியாயமானது. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் நான்கும் பாடசாலைப் பாடங்கள் என்பதால் ஆசிரியர் வேலைதான் முதல் வழி. அரசாங்கம் நியமனத்துக்கு விண்ணப்பம் கோரும்வரை காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காலத்தில் வருமானத்துக்கு என்ன செய்வது என்று இப்போதே வீட்டாரோடு வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மஹாபொல உதவித்தொகையும் உண்டு. இதைச் சொன்னால் அம்மா அப்பாவின் மனம் கொஞ்சம் இளகும்.

இசை, நடனம், சித்திரம் என்றால் மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் பெயரிலான கலைப் பீடமும் இருக்கிறது. கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகளுக்கென்றே 2005இல் வந்த பல்கலைக்கழகம் உண்டு, ஆனால் அங்கே சிங்களத்தில் படிப்பவர்களே அதிகம்.

முக்கியமான ஒன்று: உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது. செயன்முறைப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அதற்கான அறிவித்தலைத் தவறவிடாதீர்கள், நல்ல பெறுபேறு இருந்தும் அதைக் கவனிக்காமல் இடத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், போகும் முன் ஊர் அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு தருவாவது (கூத்துப் பாட்டு) பாடி ஆடப் பழகிக்கொள்ளுங்கள்.