கடகம் இழைத்தவரின் பெயர் என்ன?

கேள்வி: உயர்தரச் சித்திர வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "மைக்கலாஞ்சலோ, ரெம்பிராண்ட் என்று படிக்கிறோம். பெண்கள் ஒருவருமே பெரிசாகக் கீறவில்லையா, ரீச்சர்?" என்ன சொல்வது?
– ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: "கீறினார்கள்" என்று நாலு பெயரைச் சொல்லி முடித்துவிடாதீர்கள். 1971இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நொக்லின் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்துத்தான் தன் கட்டுரையை எழுதினார். பெண்ணிடம் என்ன குறை என்று தேடுவதை விட்டு, ஓவியர் எங்கே, யாரிடம், எப்படிப் பயில்கிறார் என்று பார்க்கச் சொன்னார். ஐரோப்பாவில் புராண, வரலாற்றுக் காட்சிகளுக்கே முதல் இடம். அவற்றுக்கு மனித உடலைக் கீறத் தெரிய வேண்டும். அதற்கு நிர்வாண மாதிரியின் முன்னால் இருந்து பயில வேண்டும். அந்த வகுப்புக் கதவு பெண்களுக்குப் பூட்டியிருந்தது. பூ, பழம், முகம் கீற விட்டார்கள்; பிறகு அவையெல்லாம் தாழ்ந்த வகை என்றார்கள்.

வகுப்பில் ஒரு படத்தைக் காட்டுங்கள். லண்டன் ரோயல் அக்கடமி என்ற கலைக் கழகத்தின் உறுப்பினர்கள் நிர்வாண மாதிரியைச் சுற்றி நிற்பதாக ஓவியர் சொஃபானி 1771–72இல் தீட்டியது. 1768இல் அந்த அக்கடமியைத் தொடங்கிய உறுப்பினர்களில் ஆஞ்செலிகா கௌஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. அவர்களைத் தேடச் சொல்லி ஐந்து நிமிடம் கொடுங்கள். கூட்டத்தில் அகப்படமாட்டார்கள், சுவரில் தொங்கும் இரண்டு முகப்படங்கள்தான் அவர்கள். அதற்குப் பிறகு முழு உறுப்பினராகத் தெரிவான பெண் லோரா நைட், 1936இல்.

பிள்ளைகளுக்குக் கிட்டிய உதாரணம் வேண்டுமென்றால் இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில். பாரிஸின் எக்கோல் தே போசார் கலைக் கல்லூரியில் பயின்றபோது, 1932இல், 'இளம் பெண்கள்' ஓவியத்தைத் தீட்டினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1897இல்தான்.

கேள்வி: படத்தில் கையெழுத்துப் போட்டால் பெயர் நிலைக்காதா?
– மாணவி, முல்லைத்தீவு

பதில்: கட்டாயம் போடுங்கள், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் 1633இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர் யூடித் லேஸ்டர். தன் பெயரின் முதல் எழுத்துகளோடு ஒரு நட்சத்திரத்தைப் பின்னி அடையாளம் இடுவார். கணவர் மொலெனாரும் ஓவியர், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் இவருடைய படங்கள் 'மொலெனாரின் மனைவி' வரைந்தவை என்றே பதிவாயின. மற்றப் படங்கள் பல அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் பெயரில் கைமாறின. அப்படி விற்ற ஒன்றில் நட்சத்திர அடையாளம் தெரியவந்ததும், வாங்கியவர்கள் வழக்குக்குப் போனார்கள். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை, பெயர்தான் மாறியது. 1893இல்தான் அவரை ஆய்வாளர்கள் மீட்டார்கள்.

கேள்வி: எங்கள் அம்மம்மா இழைத்த ஓலைக் கடகமும் அவர் பூவேலை செய்த தலையணை உறையும் ஒரு கண்காட்சிக்குப் போயின. "வன்னிக் கைப்பணி" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். இவை கலையில்லையா? இனி எப்படிப் பதிவது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: கலைதான். ஜெர்மனியில் 1919இல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளி சமத்துவம் பேசியது. சேர்ந்த பெண்களையோ பெரும்பாலும் நெசவுக்கூடத்துக்கு அனுப்பியது. அப்படி நெசவுக்குப் போன அன்னி அல்பெர்ஸின் துணிகளுக்கு 1949இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே வைத்தது. இன்று இலங்கைக் கலைஞர் ஹேமா ஷிரோணி ஊசியும் நூலும் கொண்டுதான் வீட்டையும் இடப்பெயர்வையும் சொல்கிறார்.

அடுத்த முறை அட்டையை நீங்களே எழுதிக் கொடுங்கள். அம்மம்மாவின் சொந்தப் பெயர் முதலில் வரட்டும். 'இன்னாரின் மனைவி' வேண்டாம். பிறகு பிறந்த ஆண்டு, ஊர், பொருள் (குருத்தோலை, சாயம்), செய்த ஆண்டு, பழக்கிவிட்டவர் பெயர். ஆண்டு நினைவில்லை என்றால் "மூத்தவள் பிறக்க முன்னமா, அந்த இடப்பெயர்வுக்குப் பிறகா?" என்று கேட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

படம் எடுப்பது காலையில், விறாந்தை நிழலில். ஃபிளாஷ் போட்டால் ஓலை மினுங்கி இழை தெரியாது. கடகத்தை வெளியே, உள்ளே, அடியில், விளிம்பு பொத்திய இடத்தில் என எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் இருக்கட்டும். 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை ஓலை என்று எண்ணி எழுதுங்கள். தலையணை உறைக்கு யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும். அப்போதுதான் தையலின் மேடு தெரியும். பின்பக்கத்தையும் எடுங்கள். நூல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது அங்கேதான் இருக்கும்.

செலோடேப் ஒட்டவே வேண்டாம்: பசை மஞ்சளாகி இழையைப் பிய்க்கும். ஈரம் பட்டால் பேனை மை ஊறும். பென்சிலால் எழுதிய துண்டைப் பருத்தி நூலால் கட்டுங்கள். பொலித்தீன் பைக்குள் மாரியில் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நீலமும் கஞ்சியும் போடாமல் தோய்த்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். உறையை மடித்தால் மடிப்பில் நூல் அறும், உருட்டி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் சாயம் வெளிறி ஓலை முறியும்.

பதிவின் ஒரு பிரதி வேறு மாவட்டத்தில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். எத்தனை வீட்டு அல்பங்கள் ஓடிய வழியில் போயின என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அம்மம்மா இன்னும் இழைக்கிறார் என்றால், அடி தொடங்கும் முதல் பத்து நிமிடத்தை அவருடைய கைகளோடு வீடியோ எடுங்கள். முடிந்த கடகத்தில் எந்த ஓலை முதலில் போனது என்று கண்டுபிடிப்பது கடினம்.