வடிகட்டியை அணைத்தால் படம் ஏன் கலைகிறது?

கேள்வி: என் பழைய கணினியில் எச்.264 காணொளிகள் திக்கித் திக்கி ஓடுகின்றன. பிளேயரில் ‘லூப் ஃபில்டர்’ வசதியை முழுவதும் அணைத்ததும் ஓட்டம் சீரானது. ஆனால் போகப்போகப் படம் கலைந்து, பிறகு திடீரென்று தெளிவாகிறது. தரம் கெடாமல் இந்த வடிகட்டியின் சுமையைக் குறைக்க முடியுமா?

பதில்: நீங்கள் கைவைத்த இடம் சரியானதுதான். படத்தைச் சிறு கட்டங்களாக (பிளாக்) பிரித்துச் சுருக்குவதால், அவற்றின் விளிம்புகளில் கோடுகள் தோன்றும்; அவற்றை மென்மையாக்குவதே இந்த வடிகட்டியின் வேலை. எச்.264 டிகோடரின், அதாவது சுருக்கிய காணொளியை மீண்டும் படமாக்கும் பகுதியின், கணக்கு வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த வடிகட்டியே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் வடிகட்டிய ஃபிரேமைப் பார்த்துத்தான் அடுத்த ஃபிரேம் கட்டப்படுகிறது என்பதால், அதை அணைத்தால் ஒரு ஃபிரேமின் பிழை அடுத்ததற்குத் தாவி, வேறு ஃபிரேமைச் சாராமல் தனித்தே கட்டப்படும் புதிய கீ ஃபிரேம் வரும்வரை சேர்ந்துகொண்டே போகும். நீங்கள் கண்ட கலங்கல் அதுதான்.

நுட்பமான சிக்கனம், எச்.264 என்ற சுருக்க முறைக்கு அடுத்து 2013இல் வந்த எச்.265இல் இருக்கிறது. எச்.264 வடிகட்டி 4 பிக்சலுக்கு ஒரு விளிம்பைக்கூடப் பரிசோதிக்கும், எச்.265 வடிகட்டி 8 பிக்சல் இடைவெளியில் உள்ள விளிம்புகளை மட்டுமே தொடும். ஒரு விளிம்பில் இருபுறமும் 4 பிக்சல்களைப் படித்து, அதிகபட்சம் 3 பிக்சல்களையே மாற்றுவதால், பக்கத்து விளிம்பின் கணக்கோடு மோதல் இல்லை. செங்குத்து விளிம்புகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

வடிகட்ட வேண்டுமா என்ற முடிவும் மலிவாகிறது. ஒரு வரியில் 60, 61, 62, 62 என்றும், விளிம்பைத் தாண்டி 70, 70, 71, 71 என்றும் பிக்சல்களின் ஒளி அளவுகள் இருப்பதாகக் கொள்வோம். விளிம்பை ஒட்டிய மூன்று பிக்சல்களின் அளவு எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால், இடப்புறம் 61 − 2×62 + 62 = −1; வலப்புறம் 71 − 2×70 + 70 = 1. இரு பக்கமும் சமதளமாக இருக்க, நடுவில் மட்டும் 8 அளவு படி நிற்கிறது. எனவே அது பிளாக் பிரிவால் வந்த பொய்க்கோடாகவே பெரும்பாலும் இருக்கும். இந்தச் சோதனையை நான்கு வரிகளில் முதலாவதிலும் கடைசியிலும் மட்டும் செய்து, நான்குக்கும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இதுவே.

இதற்காக உங்கள் கணினியில் எச்.265க்கு மாற வேண்டாம். அதன் மற்ற வேலைகள் எச்.264ஐவிடக் கனமானவை. வேறெந்த ஃபிரேமும் சார்ந்திராத ஃபிரேம்களில் மட்டும் வடிகட்டியைத் தவிர்க்கும் தேர்வு பல பிளேயர்களில் உண்டு. அதை வையுங்கள், அப்போது பிழை அந்த ஒரு ஃபிரேமோடு நின்றுவிடும்.