சிறுநீரகக் கொழுப்புக் கட்டிக்கு சி.டி. ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், வலது சிறுநீரகத்தில் 1.8 செ.மீ. கட்டி ஒன்று இருப்பதாகவும், அது ‘ஆஞ்சியோமயோலைப்போமா’வாக இருக்கலாம், சி.டி. எடுத்து உறுதிப்படுத்தவும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இது புற்றுநோயா? பெயரையே சொல்லிவிட்ட பிறகு இன்னொரு ஸ்கேன் எதற்கு? பயாப்ஸி செய்ய வேண்டியிருக்குமா?

பதில்: ஆஞ்சியோமயோலைப்போமா என்பது இரத்தக்குழாய், மென்தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் கலந்து உருவாகும் கட்டி. மிக அரிதான ஒரு வகையைத் தவிர, இது புற்றுநோய் அன்று. நடுத்தர வயதுப் பெண்களிடம், ஒரே ஒரு கட்டியாக, வேறு எதையோ தேடி எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதே இதன் வழக்கம் என்பதால், உங்கள் அறிக்கையில் இருப்பது நியாயமான ஊகம். ஆயினும் அது ஊகம்தான்; உறுதிப்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள்.

கொழுப்பும் தசையும் இரத்தக்குழாயும் கலந்திருப்பதால் இக்கட்டி ஒலி அலைகளை அதிகமாக எதிரொலித்து, அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று வெண்மையாகத் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால், 3 செ.மீ.-க்கும் சிறிய சிறுநீரகப் புற்றுக் கட்டிகளில் சிலவும் இதே வெண்மையுடன் தெரிகின்றன. கட்டிக்குப் பின்னால் நிழல் விழுந்தால் ஆஞ்சியோமயோலைப்போமா என்ற எண்ணம் வலுப்படும். சுற்றிலும் கருமையான விளிம்போ உள்ளே சிறு நீர்ப்பைகளோ காணப்பட்டால் புற்று என்ற சந்தேகம் எழும். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி ஒருவருக்கு ‘பயமில்லை’ என்று சொல்லிவிட நான் துணிய மாட்டேன்.

சி.டி. ஸ்கேன் வெண்மையைப் பார்ப்பதோடு நிற்காமல் அடர்த்தியை எண்ணாகவே அளந்து சொல்கிறது. இதற்கான ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் தண்ணீரின் மதிப்பு 0. கொழுப்பின் மதிப்பு ஏறத்தாழ −100. சிறுநீரகக் கட்டிக்குள் ஏதேனும் ஓரிடத்திலாவது −10-க்குக் கீழான மதிப்பு ஐயத்துக்கிடமின்றிக் கிடைத்து, சுண்ணாம்புப் படிவு எதுவும் இல்லையென்றால், அது ஆஞ்சியோமயோலைப்போமா என்று ஏறக்குறைய உறுதியாகவே கூறலாம். அதன்பின் பயாப்ஸி தேவைப்படாது. கொழுப்போடு சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும், ஏனெனில் அரிதாகச் சில புற்றுக் கட்டிகளிலும் கொழுப்பு இருப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலும் சுண்ணாம்பும் காணப்படும்.

இந்த அளவீடு சரியாக அமைய, படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசி வழியே செலுத்துவதற்கு முன்னரே மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுத்திருக்க வேண்டும். அடுக்கு தடிமனாக இருந்தால், சிறிய கட்டியின் கொழுப்பும் அதையொட்டிய திசுவும் ஒன்றாகச் சேர்ந்து சராசரி மதிப்பே கிடைக்கும். இருக்கிற கொழுப்பும் மறைந்துவிடும். 1.8 செ.மீ. கட்டியில் இது சிறிய விஷயமன்று. கொழுப்பைத் தேடித்தான் இந்த ஸ்கேன் என்பதைப் பரிந்துரைச் சீட்டில் தெளிவாக எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நூற்றில் சுமார் ஐந்து ஆஞ்சியோமயோலைப்போமாக்களில், சி.டி.யில் தென்படும் அளவுக்குக் கொழுப்பு இருப்பதில்லை. அப்போது எம்.ஆர்.ஐ. உதவும். கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கி எடுக்கும் படங்களும், டி2 எனப்படும் ஒரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி கருமையாகத் தெரிவதும் முக்கியமான தடயங்கள். எனினும் தெளிசெல் என்னும் வகைச் சிறுநீரகப் புற்றின் செல்களுக்குள்ளும் நுண்ணிய கொழுப்பு இருப்பதால், எம்.ஆர்.ஐ.யும் சில சமயம் முடிவு சொல்லாமல் நின்றுவிடும். பயாப்ஸிக்கு உரிய இடம் அதுவே. எடுத்த திசுவில் எச்.எம்.பி.-45 என்னும் சாயப் பரிசோதனை ஆஞ்சியோமயோலைப்போமாவை அடையாளம் காட்டிவிடும்.

இக்கட்டி உறுதியானால் உங்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை. இதில் நாங்கள் அஞ்சுவது இரத்தக்கசிவையே. கட்டி 4 செ.மீ.-க்கு மேல் வளரும்போதும், அதன் இரத்தக்குழாயில் 5 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய வீக்கம் இருக்கும்போதும் அந்த அபாயம் கூடுகிறது. அப்போதும் முதலில் எண்ணிப் பார்ப்பது, கட்டிக்குச் செல்லும் இரத்தக்குழாயை மட்டும் அடைக்கும் எம்போலைசேஷன் முறையையே. உங்கள் கட்டி மெதுவாகவே வளரக்கூடியது என்பதால், கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டைக் கொண்டே, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண்காணிக்கலாம்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ சிறுவயதிலிருந்து வலிப்பு, முகத்தில் சிறுசிறு பருக்கள் போன்ற தடிப்புகள், இரண்டு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணுக் கோளாற்றிலும் இதே கட்டி வருகிறது; அதற்கான கண்காணிப்பும், எவரோலிமஸ் போன்ற மருந்துகளும் வேறு.

திடீரென்று விலாப்புறத்தில் கடும் வலி, மயக்கம், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும், இத்தனை சிறிய கட்டியில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவென்றாலும், தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, சிறுநீரகத்தில் கட்டி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.