மனோதர்மமும் ஃப்ரீஸ்டைலும்: அபிநயக் கேள்வி பதில்

கே: மேடையில் அந்த நேரத்தில் தோன்றியதை ஆடுவதுதானே மனோதர்மம்? ஃப்ரீஸ்டைலும் அதுதானே?

ப: இரண்டிலும் ஆடுபவர் அங்கேயே முடிவெடுக்கிறார். எதற்குக் கட்டுப்பட்டு முடிவெடுக்கிறார் என்பதில்தான் வித்தியாசம். பரதநாட்டியத்தில் அபிநயம் பிடித்து, அதாவது முகத்தாலும் கையாலும் பொருள் காட்டி ஆடும் பாட்டு பதம். அப்படி ஒன்றில் ‘இன்னும் வரக் காணேனே’ என்று நாயகி தோழியிடம் சொல்லும் வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் அதைத் திரும்பத் திரும்பப் பாடுவார். முதல் தடவை நேர்ப்பொருள்: வாசலைப் பார்த்துவிட்டு இல்லை என்று கை காட்டுவது. அடுத்த தடவை விளக்குத் திரியைத் தூண்டிவிடலாம். அப்புறம், தொடுத்து வைத்த பூ வாடிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கலாம். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்ததும், ‘இவளுக்குத் தெரிந்தும் மறைக்கிறாளோ’ என்ற சந்தேகம் எழலாம். எதை எப்போது எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் வரி, ராகம், தாளம், அந்த நாயகியின் குணம் நான்கும் மாறாது.

ஹிப்ஹாப் ஃப்ரீஸ்டைலில் சொல்லுக்குப் பொருள் காட்டும் கடமை இல்லை. தாளத்துக்கு உடம்பு பதில் சொல்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் என்ற ஹிப்ஹாப் நடனம் ஆடியவர்களுக்கு டிஜே எந்த இசையைப் போடுவார் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அதைப் பயிற்சியில்லாத ஆட்டம் என்று நினைக்காதீர்கள். அந்த அசைவுகள் ஆண்டுக்கணக்காகப் பழகியவை.

கே: மனோதர்மத்தை எப்படிப் பழகுவது?

ப: பாடக் கற்றுக்கொள்ளுங்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி வீணை தனம்மாளின் பேத்தி. அவர் ஆட, தாய் ஜெயம்மாள் பாடினார். அபிநயத்தின்போது பாலாவே பாடுவதும் உண்டு. 1973-ல் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. அந்த அபிநயம் சங்கீதத்திலிருந்து வந்தது. நீங்களும் ஒரே வரியை எடுத்து, உட்கார்ந்தபடி பாடிக்கொண்டே முகத்தையும் கையையும் மட்டும் வைத்துப் பழகுங்கள். தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோகும். அப்போதும் பாட்டை நிறுத்தாதீர்கள். உங்களுடையது என்று சொல்லத்தக்கது அதற்கப்புறம்தான் வரும்.

கே: டீச்சர் சொல்லித்தந்த சஞ்சாரியை (ஒரு வரியை விரித்துக் காட்டும் அபிநயத்தை) அப்படியே ஆடினால் தப்பா?

ப: இல்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் ஆட வேண்டும்.

கே: தீர்மானத்தில் (தாளக் கணக்கோடு முடித்து வைக்கும் ஆட்டப் பகுதியில்) ஜதியை, அதாவது தாளச் சொற்கட்டை, மாற்றலாமா?

ப: ஜதி சொல்லித் தாளம் போடும் நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் உங்களோடு வருகிறார்கள். அவர்களிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள்.

கே: பதிவு இசைக்கு ஆடும்போது சஞ்சாரியை மாற்றுகிறேன். அது மனோதர்மம்தானே?

ப: பாதி. வரி எத்தனை தடவை வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். பாடகர் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு சங்கதி (அதே வரிக்கு வேறொரு இசை வடிவம்) போடுவார். அதைக் கேட்டு நீங்கள் மாறுவீர்கள்.

கே: டிஜே போடுவதும் பதிவுதானே? அங்கே மட்டும் எப்படிச் சரி?

ப: நல்ல கேள்வி. அவர்கள் கேட்டுக்கொண்டே ஆட வேண்டியிருக்கிறது. நீங்களோ மனப்பாடமான பதிவுக்கு ஆடுகிறீர்கள்.

கே: பக்கவாத்தியக் குழுவுக்குப் பணம் எங்கே போவது? ஊரில் பாடகரே இல்லை.

ப: கஷ்டம்தான், மறுக்கவில்லை. மேடை நிகழ்ச்சிக்குப் பதிவிசை போதும். வாரம் ஒரு தடவையாவது சுருதிப்பெட்டியை வைத்துப் பாடத் தெரிந்த தோழி ஒருவரைப் பாடச் சொல்லி ஆடுங்கள். வரியை எத்தனை தடவை பாடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கே: கதக்கில் இது எப்படி?

ப: கதக் குருவிடம் கேளுங்கள்.

கே: மனோதர்மமும் ஃப்ரீஸ்டைலும் ஒன்றா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: வீடியோ பார்த்துப் பழகலாமா?

ப: பாடத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

கே: எனக்குக் குரல் நன்றாக இருக்காது. பாடித்தான் ஆக வேண்டுமா?

ப: ஆம். கச்சேரி செய்யச் சொல்லவில்லை. சுருதி சேர்ந்தால் போதும்.