பேத்தியை வளர்க்கும் பாட்டி நீதிமன்றம் போகலாமா?

சுங்கை சிப்புட் தோட்டத்தில் மகள் இறந்தபின் எட்டு வயதுப் பேத்தியை நீங்களும் மகளின் இரண்டாம் கணவரும் வளர்க்கிறீர்கள். இப்போது பெற்ற அப்பா வந்து கேட்கிறார், யாருக்கு உரிமை என்று கேட்டிருந்தீர்கள்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976 திருமண, மணவிலக்குச் சட்டம்தான் பொருந்தும். அதில் 'திருமணத்தின் பிள்ளை' என்றால் இருவருக்கும் பிறந்தது மட்டுமல்ல. ஒருவரின் பிள்ளையை மற்றவர் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டால் அதுவும் சேரும். முறைப்படி தத்தெடுத்த பிள்ளையும், மணமாகாமல் பிறந்த பிள்ளையும் அப்படித்தான். ஆனால் தோட்டத்தில் நாம் சாதாரணமாகச் சொல்லும் 'தத்து', நீதிமன்ற உத்தரவு இல்லாவிட்டால் அந்தக் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் பலர் தவிக்கிறார்கள்.

பராமரிப்பு உரிமை பொதுவாக அப்பாவுக்கோ அம்மாவுக்கோதான். அசாதாரணச் சூழல் இருந்தால் 88ஆம் பிரிவின்படி வேறு உறவினரிடமும் ஒப்படைக்கலாம். அதனால் நீங்கள் கேட்கலாம். அப்பாவிடம் விடுவது ஏன் நல்லதல்ல என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிள்ளையின் நலனே முதன்மை. விவரம் தெரிந்த வயதென்றால் அவள் விருப்பத்தையும் நீதிபதி கவனிப்பார். ஏழு வயதுக்குக் கீழ் அம்மாவிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் இங்கே உதவாது.

மகளின் இரண்டாம் கணவர் அவளை ஏற்று வளர்த்ததால், பெற்றவர் செலவு கொடுக்காத அளவுக்கு அவருக்குப் பராமரிப்புக் கடமை உண்டு. பெற்ற அப்பா அழைத்துப் போய்விட்டால் அது நின்றுவிடும்.

பள்ளிப் பதிவு, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஈப்போவில் உள்ள அரசாங்கச் சட்ட உதவித் துறையை முதலில் பாருங்கள் அம்மா.