பெண்டாட்டியின் போனை உளவு பார்க்கலாமா?

கேள்வி: நான் என் அக்காவிடம் வாட்ஸ்அப்பில் புலம்பியதெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டாக, கணவர் போட்ட விவாகரத்து மனுவில் இருக்கிறது. போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். கேட்டால், "நான் வாங்கிக் கொடுத்த போன், பெண்டாட்டிக்கு என்ன ரகசியம்?" என்கிறார். கோர்ட் இதை ஏற்குமா? புகார் கொடுக்கலாமா? அவருடைய மெயில் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' (உங்கள் வாட்ஸ்அப் இணைந்திருக்கும் மற்ற கருவிகளின் பட்டியல்) பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத லேப்டாப் அங்கே இருந்தால், பதற்றத்தில் 'லாக் அவுட்' செய்துவிடாதீர்கள். எந்தக் கருவி, கடைசியாக எப்போது இயங்கியது என்று அங்கேயே காட்டும். அந்தத் திரையை அக்காவின் போனில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் வெளியேற்றுங்கள், போனைத் திறக்கும் பின் நம்பரை மாற்றுங்கள். பலர் கோபத்தில் முதலில் வெளியேற்றிவிட்டு, கையில் இருந்த சாட்சியத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள், லேப்டாப்பில் தெரியும் கியூஆர் கோடை உங்கள் போனால் ஸ்கேன் செய்து இணைத்துவிடலாம். போன் உங்களிடமே இருந்தும் இது நடந்தது அப்படித்தான் இருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது. தாலி கட்டியதும் அது போய்விடாது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்துவந்த ஒரு கணவரின் வழக்கில், அவற்றைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

இதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். 2025 ஜூலையில் விபோர் கார்க் வழக்கில், மனைவியோடு பேசியதை ரகசியமாகப் பதிவு செய்த கணவர் அதை விவாகரத்து வழக்கில் காட்டலாம் என்றது உச்ச நீதிமன்றம். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அது கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது. உங்கள் விஷயத்தில் பேசியது நீங்களும் அக்காவும். கணவர் அதில் ஆளே இல்லை, அக்காவின் அந்தரங்கமும் சேர்ந்தே போயிருக்கிறது. இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது என்பது என் கருத்து. உறுதி தர மாட்டேன். வழக்கைத் தீர்க்க உதவும் என்று பட்டால், சாட்சியச் சட்டப்படி செல்லாததைக்கூட வாங்கிப் பார்க்க குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு நீதிபதிக்கு இடம் தருகிறது.

அதனால் கணவர் தர வேண்டிய சான்றிதழ் விஷயத்தையும் பிடியுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மதுரை வழக்கின் கணவர் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்க்ரீன்ஷாட்டைக் கோர்ட்டில் சாட்சிய ஆவணமாகக் குறியீடு செய்யும் அன்றே உங்கள் வக்கீல் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும்.

புகார் கொடுக்கலாம். போனுக்கு யார் பணம் கொடுத்தார் என்பதைவிட அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே முக்கியம். அனுமதியில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு அதற்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு பெண்ணின் இணையத் தொடர்பைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 78-ஆவது பிரிவிலும் வரும். உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். சமரசம் பேச எண்ணமிருந்தால் மட்டும் ஒரு வாரம் யோசித்துக் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். விழுந்த பிறகு யாரும் பேச்சுக்கு உட்கார மாட்டார்கள்.

அந்த மெயில் பாஸ்வேர்டு பக்கம் போகவே வேண்டாம். அதே 66 உங்கள் மேலும் பாயும்.